பேர் இல்லாத கல்லும் நம்ம பதிவேடும்



நம்ம குழுக் கூட்டத்தில் முதல் வேலை என்ன? தீர்மான நோட்டைத் திறந்து, வந்தவர்கள் பேரை எழுதுவது. ஒவ்வொரு பேருக்கும் நேராக அவரவர் கையெழுத்து. "இன்று 14 பேர் வந்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் வங்கி ஒத்துக்கொள்ளாது, தணிக்கைக்கு வருகிறவர் ஒத்துக்கொள்ள மாட்டார், நாமளே ஒத்துக்க மாட்டோம். வராத ஆளுக்குக்கூட ஏன் வரவில்லை என்று எழுதுகிறோம். பேர் இல்லாத 14 பேரை நம்பி யார் கடன் கொடுப்பாங்க?

ஆனால் பட்டாளத்துக்குப் போய்ச் சண்டையில் செத்துப் போனவர்கள் கணக்கை அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு, ஆள் கொடுத்த ஊர்களில் வெள்ளைக்கார சர்க்கார் ஒரு சின்னக் கல் பதித்தது. தமிழ்நாட்டில் பல ஊர்களில் அது இன்னும் இருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரை விட்டார்கள் என்று அதில் இங்கிலீஷில் வெட்டியிருக்கும். ரெண்டு இடத்திலும் ஒரு எண், அவ்வளவுதான். யார் பெற்ற பிள்ளை, எந்தத் தெரு, கல்யாணம் ஆனவனா, கைக்குழந்தையை விட்டுட்டுப் போனவனா, ஒன்றும் கிடையாது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர். வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பி, 'இராணுவப்பேட்டை' என்றே பேர் வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊருக்கும் அந்தக் காலத்தில் கிடைத்தது எண் போட்ட கல்தான்.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. பேரை விட்டுவிட்டுக் கல் வைக்கிற பழக்கம் நம்ம மண்ணுக்குக் கிடையாது.

புதுக்கோட்டை டவுனுக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டை இருக்கிறதே, தொல்லியல் துறை குழி போட்டுத் தோண்டின இடம், அங்கே சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நடுகல் கிடைத்தது. தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழி எழுத்தில் வெட்டியது. வயது ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல். ஆநிரைச் சண்டையில் செத்த ஒரு வீரனுக்காக நட்ட கல். ஆநிரை என்றால் மாட்டு மந்தை. மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறவர்களோடு நடந்த சண்டை. அந்தக் கல்லில் செத்தவன் பேரைக் கணங்குமரன் என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அவன் ராஜா கிடையாது. மாட்டுக்காகச் செத்தவன். அவனுக்கு ஊர் கல் நட்டது, கல்லில் பேரும் வெட்டியது. இத்தனை காலம் கழித்து நீங்களும் நானும் அந்தப் பேரைச் சொல்ல முடிகிறது. 1919-இல் கப்பலும் ரயிலும் தந்தியும் அச்சாபீசும் இருந்தும், செத்தவன் பேரைச் சொல்ல ஒரு கல்லுக்கு இடம் இல்லை.

நடுகல்லில் வெட்டியிருக்கும் வார்த்தை ஒன்று நமக்குப் பழக்கமானது. "இன்னார் பட்டான்" என்று இருக்கும். பட்டான் என்றால் சண்டையில் விழுந்தான். நம்ம பக்கத்துக் கிராமங்களில் பட்டவன் சாமி, பட்டவர் கோயில் என்று கும்பிடுகிறோமே, அந்தப் பட்டவன் இவன்தான். வெட்டுப்பட்டோ குத்துப்பட்டோ செத்த ஒரு மனுஷனை வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்துப் படையல் போட்டு நினைத்துக்கொள்கிறோம். கும்பிடுகிறவர்கள் பல பேருக்கு அவன் எந்தச் சண்டையில் பட்டான் என்று தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒரு ஆள் பட்டான் என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை.

விராலிமலைக்கு அந்தப் பக்கம் கொடும்பாளூர். மூவர் கோயில் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்துப் போவோமே, அந்த ஊர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கும் படம் பார்த்தவர்களுக்கும் கொடும்பாளூர் இளவரசி வானதியைத் தெரியும். கதையில் அவள் அப்பா ஈழத்துப் போர்க்களத்தில் செத்தவர். அந்த அப்பா கதைக்காகக் கட்டிய ஆள் இல்லை. சுந்தர சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில், கொடும்பாளூர்ச் சிறிய வேளார் படையோடு ஈழத்துக்குப் போய் அங்கேயே பட்டார் என்பது கல்வெட்டிலிருந்து தெரிகிற செய்தி. நம்ம மாவட்டத்திலிருந்து கடல் தாண்டிச் சண்டைக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் பேர் தெரிந்தவர் என்று பார்த்தால் இவர் ரொம்பப் பழைய ஆள். சரி, இவர் பெரிய இடம். இவர் கூடப் போன காலாட்கள் பேர் இங்கேயும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை வெள்ளைக்காரன் வந்து கொண்டுவந்தது மட்டும் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி 1914-க்கு வருவோம்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் கடல் தாண்டிப் போனார்கள். 70,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டும் போகவில்லை. சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், காயம்பட்டவர்களை டோலியில் தூக்கினவர், கோவேறு கழுதை மேய்த்தவர், பாலம் போட்டவர், பள்ளம் தோண்டினவர் எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு. நம்ம தமிழ் ஆட்கள் அதிகமாக இருந்த மதராஸ் சாப்பர்ஸ் படை, இப்போது ஈராக் என்கிறோமே அந்த மெசபடோமியாவில் பாலமும் ரோடும் போட்டது. அந்தப் படையில் இருக்கிறவர்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் செல்லப்பேர் 'தம்பி'. வடக்கத்தி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுவாராம்.

அந்தப் போர் நம்ம பேச்சில் விட்டுப் போன அடையாளம் எது தெரியுமா? 'எம்டன்'. "அவன் சரியான எம்டன்" என்கிறோமே, அது 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுத் தப்பிப் போன ஜெர்மன் கப்பலின் பேர். குண்டு போட்ட கப்பலின் பேர் நூறு வருஷம் கழித்தும் கிழவிகள் வாயில் இருக்கிறது. போய்ச் செத்த பையன்கள் பேர் இல்லை.

அப்போது நம்ம மாவட்டம் இப்போது இருக்கிற மாதிரி ஒரே மாவட்டம் இல்லை. ஆலங்குடி, குளத்தூர், திருமயம் தாலுகாக்கள் தொண்டைமான் சமஸ்தானம். அறந்தாங்கிப் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா. சமஸ்தானத்தை 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்தியாவோடு இணைத்து, திருச்சி ஜில்லாவில் சேர்த்தார்கள். புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14. பழைய காகிதத்தில் ஊரைத் தேடும்போது இது உதவும், பிறகு சொல்கிறேன். இன்னொரு சேதி: போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் நம்ம ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியாவில் இருந்தார். மாலி ஃபிங்க் என்கிற வெள்ளைக்காரப் பெண்ணை அங்கேதான் கல்யாணம் செய்துகொண்டார். அந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுதாத ஆள் இல்லை. அதில் குற்றம் சொல்லவில்லை. எது எழுதப்படுகிறது, எது விடுபடுகிறது என்று பாருங்கள்.

மெசபடோமியாவில் செத்தவர்களுக்காக ஈராக்கில் பஸ்ரா நகரத்தில் 1929-இல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். 40,000 பேருக்கு மேல் அதில் கணக்கு. வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் கடைசி ஆள் வரை பேர் வெட்டியிருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பேர். மற்ற சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பேரைப் போட்டு, கீழே "மேலும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்" என்று எண். நம்ம பக்கத்துக் கல்லின் அதே கணக்குதான், கொஞ்சம் பெரிய கல். பிரான்சில் நவ் ஷபேல் என்கிற இடத்தில் 1927-இல் கட்டியதில் 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பேரை எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கிற ஐரோப்பாவில் பேர், பாலைவனத்தில் எண்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு ஒத்துக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பேரே பதியவில்லை, அல்லது எந்த நினைவும் வைக்கவில்லை. இந்த எண்ணிக்கை மூன்றரை லட்சம் வரை போகலாம் என்கிறது அறிக்கை. காரணம் இனப் பாகுபாடு என்று அதிலேயே எழுதி மன்னிப்பும் கேட்டார்கள். நூறு வருஷம் கழித்துக் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொள்ள அந்த அம்மாக்களில் யார் இருந்தாங்க?

ரெண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்கள் 25 லட்சம் பேர். 87,000 பேர் செத்தார்கள். இந்தத் தடவை பேரை எழுதினார்கள். பர்மாவில் ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கிற நினைவுச் சின்னத்தில் ஏறக்குறைய 27,000 பேர். சிங்கப்பூர் கிராஞ்சியில் 24,000 பேருக்கு மேல். இந்தக் கிராஞ்சியைக் கேட்டதும் உங்களில் சிலர் நிமிர்ந்திருப்பீர்கள். நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்களே, அந்தப் பக்கத்து விடுதிகளில் தங்கியிருக்கிறவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவில் ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் தமிழ்ப் பேர்கள் இருக்கின்றன.

அந்தப் போரில் இன்னொரு பட்டாளமும் இருந்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாவுக்கு ரப்பர் மரம் வெட்டப் போன தமிழர்கள் அதில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பெண்களுக்கென்றே ஜான்சி ராணிப் படை. சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி அதற்குத் தலைவி. 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கியபோது தோட்டத்துப் பெண்கள் பால் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் அதில் இருந்தார்கள். 1945-இல் பர்மாவிலிருந்து பின்வாங்கி வரும்போது ரயில் மேல் நடந்த தாக்குதலில் அந்தப் படையின் ரெண்டு பெண்கள் இறந்தார்கள். ஜோசபின், ஸ்டெல்லா. நடுகல் மரபில் சொன்னால் இவர்களும் பட்டவர்கள்தான். பட்டவன் இருக்கிறான், பட்டவள் என்று நாம் யாரையும் சொல்லிக் கேட்டதில்லை.

அதே 1945 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர்க் கடற்கரையில் இறந்த வீரர்களுக்காக ஒரு சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த வெள்ளைக்காரப் படை அதை வெடி வைத்துத் தகர்த்தது. 50 வருஷம் கழித்து, 1995-இல், சிங்கப்பூர் அரசு அதே இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. டெல்லியில் 2019 பிப்ரவரி 25-ஆம் தேதி திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 1947-க்குப் பிறகு இறந்த 25,000-க்கு மேற்பட்டவர்களின் பேரைக் கல்லில் தனித்தனியாகப் பொறித்திருக்கிறார்கள். திருச்சி மேஜர் சரவணன் பேர் நமக்குத் தெரியும். 1999 மே 29-இல் கார்கிலில் பட்டார். உடலை எடுத்து வர ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 ராத்திரி கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த 20 பேரில் ஒருவர். வீர் சக்ரா விருதை 2021 நவம்பரில் அவர் மனைவி ராஷ்டிரபதி கையிலிருந்து வாங்கியதை டிவியில் பார்த்தோம்.

பேசக் கூச்சப்படுகிற ஒரு கணக்கும் இருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன இந்திய அமைதிப் படையில் ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள். அங்கே தமிழ் சனங்களும் அந்தப் படையால் செத்தார்கள். நம்ம கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து பார்த்தால் அந்தக் கடல்தான். அதனால் அந்தச் சிப்பாய்களுக்காக இந்தப் பக்கம் ஊர் கூடி அழவில்லை. அந்தப் போர் சரியா தப்பா என்று பேசுகிறவர்கள் பேசட்டும். உத்தரவு போட்டது பத்தொன்பது வயசுப் பையன் இல்லை. அவனைப் பெற்றவள் வாசலை மட்டும் அடைத்துக்கொண்டு அழுதாள் என்றால், அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டியது நம்மைப் போன்றவர்கள் வேலை.

அழுத பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதையும் பார்க்கணும். போரில் இறந்தவர் மனைவிக்குத் தாராளக் குடும்ப ஓய்வூதியம் என்று ஒன்றை 1972-இல் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம். ஆனால் வீர விருது வாங்கினவர் இறந்துவிட்டால் மனைவிக்கு வருகிற விருதுத் தொகைக்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். அவள் மறுகல்யாணம் செய்தால் பணம் நின்றுவிடும். ஆனால் செத்தவரின் அண்ணனையோ தம்பியையோ கட்டிக்கொண்டால் நிற்காது! படிக்கும்போது எனக்கு இது எந்தக் காலத்துச் சட்டம் என்று இருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் இந்த நிபந்தனையை நீக்கியது 2017 நவம்பர் 16. நாம குழு ஆரம்பித்து, வங்கிக் கணக்கு வைத்து, கடன் வாங்கிக் கட்டி முடித்த காலத்தில்கூட ஒரு வீரன் மனைவி யாரைக் கட்டிக்கணும் என்று டெல்லியில் ஒரு காகிதம் சொல்லிக்கொண்டிருந்தது. பணம் அந்த வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்கிற கவலைதான், வேற என்ன.

நம்ம ஊர்களிலும் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒரு வீடு இருக்கும். பர்மாக்காரர் வீடு, சிலோன்காரர் வீடு மாதிரி. பட்டாளத்தார் யார் என்று கேட்டால் "அவரு தாத்தாவோ, தாத்தாவோட அண்ணனோ" என்பார்கள். பேர் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்தக் காலத்தில் தந்திக்காரர் தெருவுக்குள் வந்தாலே, பிரிக்கிறதுக்கு முன்னால் அழுகை தொடங்கிவிடும். அதைப் படிக்கவும் வாத்தியாரைத் தேடி ஓடணும். பெண்களுக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நோட்டில் யாராவது ஒருத்தி எழுதி வைத்திருப்பாள்.

1991-இல் நம்ம மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். சைக்கிள் கற்றுக்கொண்டதைத்தான் ஊர் உலகம் பேசியது. ஆனால் சிலேட்டில் முதலில் எழுதியது அவரவர் பேர். கைநாட்டு வைத்த கை பேர் எழுதியதும் எப்படி இருந்தது என்று அந்தத் தலைமுறை அக்காக்களைக் கேளுங்கள். பேருக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் இந்த மலர் மூலமாக ஒரு வேலை கேட்கிறேன். ஒவ்வொரு ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும் ஒரு பதிவேடு போட வேண்டும். ஊரில் வயசானவர்களிடம் கேட்டு, பட்டாளத்துக்குப் போய் வராதவர்கள் பேரை எழுத வேண்டும். வீட்டுத் தகரப் பெட்டிகளில் பழைய மெடல், சம்பளப் புத்தகம், மணியார்டர் ரசீது கிடக்கலாம். மெடலின் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து மெடலில் சிப்பாயின் நம்பரும் பேரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் வெட்டியிருப்பார்கள். பித்தளை என்று பாத்திரக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். சில மெடல் வெள்ளி.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் போதும். பல பேருக்கு அப்பா பேர், மனைவி பேர், ஊர், தாலுகா வரை இருக்கிறது. ஊர்ப் பேரை வெள்ளைக்காரன் கேட்டபடி எழுதியிருப்பான், நாலு விதமாக எழுதித் தேடணும். அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் இருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு நிதி வசூலிக்கிற அதே அலுவலகம்தான். போகும்போது உங்கள் ஊரில் ஓய்வூதியம் சரியாக வராத படைவீரர் மனைவி யாராவது இருந்தால் அந்த மனுவையும் கையோடு கொண்டுபோங்கள்.

பதிவேட்டில் பத்தி இப்படிப் போடலாம்: பேர், தெரு, படைப்பிரிவு, போன வருஷம், இறந்த இடம். சமையல்காரராகப் போனாரா, சுமை தூக்கப் போனாரா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டாம், அவரும் அதே வரிசை. அப்பா பேருக்கு ஒரு பத்தி எல்லாரும் போடுவார்கள். அதுக்குப் பக்கத்தில் அம்மா பேர், மனைவி பேர், மகள் இருந்தால் அவள் பேர் என்று மூணு பத்தி கூடுதலாக விடுங்கள். நோட்டு அகலம் பத்தாவிட்டால் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு போட்டுக்கலாம்.